நியூசிலாந்தில் கேம்பர்வேன் பயணம்: நால்வர் கொண்ட குடும்பத்துக்கு உண்மையிலேயே சிக்கனமாகுமா?

செவ்வாய்ப்பேட்டை வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளின் ஆண்டு விடுமுறையைப் பயன்படுத்தி, நியூசிலாந்தின் தென் தீவைக் கேம்பர்வேனில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வாடகை வண்டியில், இரண்டு வாரங்கள் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். நான், என் மனைவி, பத்து வயது மகள், ஐந்து வயது மகன் என நால்வர். ஐரோப்பாவுக்குப் போகலாமே என்று என் மைத்துனர் சொல்கிறார். ஆனால் அங்கே பெரும்பாலான நாடுகளில் சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பதாலும், பழக்கமில்லாத ஒரு பெரிய வண்டியைப் பழக்கமில்லாத பக்கத்தில் ஓட்டும் துணிவு எனக்கு இல்லை என்பதாலும், நம்மைப் போலவே இடப்புறம் ஓட்டும் நாட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளிக் கொலுசுத் தொழிலில் இருப்பவன் நான். எங்கள் கடைக்கு வருபவர்கள் வெள்ளி விலையை மட்டும் செய்தித்தாளில் பார்த்துவிட்டு வந்து, கூலியும் சேதாரமும் சேர்த்த தொகையைக் கேட்டதும் முகம் மாறுவார்கள். கேம்பர்வேன் நிறுவனங்களின் இணையதளங்களில் ஒரு நாள் வாடகையைப் பார்க்கும்போது எனக்கும் அந்த ஐயம்தான் எழுகிறது: இதில் கூலி எங்கே, சேதாரம் எங்கே? விடுதியில் தங்கிக் கார் எடுத்துச் சுற்றுவதைவிட இது உண்மையிலேயே குறைவாக முடியுமா? ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் விரும்பிய இடத்தில் இலவசமாக நிறுத்தி உறங்கலாம் என்று காணொளிகளில் சொல்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? நாங்கள் சைவம் என்பதால் சமையலையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறோம். அனுபவமுள்ளவர்கள் விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அஸ்தம்பட்டி பயணி (மறுமொழி)

ஐயா, வணக்கம். குடும்பத்துடன் தென் தீவைக் கேம்பர்வேனில் சுற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். வாடகை மட்டுமே செலவு என்று எண்ணுபவருக்கு இந்தப் பயணம் சிக்கனமாகாது. எந்த இரவை எங்கே கழிக்கிறோம், ஒரு நாளில் எவ்வளவு தொலைவு ஓட்டுகிறோம் என்ற இரண்டையும் கட்டுக்குள் வைத்திருப்பவருக்குத்தான் அது சிக்கனமாகும்.

முதலில், நீங்கள் கேட்ட கூலியும் சேதாரமும். வாடகைக்கு மேல் வருகிற பெரிய சுமை காப்பீடு. அடிப்படை வாடகையில் ஒரு காப்பீடு சேர்ந்தே இருக்கும்; ஆனால் விபத்து நேர்ந்தால் முதல் சில ஆயிரம் டாலர்களை நாமே கட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்தத் தொகையை வண்டி எடுக்கும்போதே நம் கடன் அட்டையில் பிடித்துவைப்பார்கள். அதைக் குறைக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கட்ட வேண்டும், அதுவோ மலிவான வண்டிகளில் வாடகையையே எட்டிப்பிடிக்கும். இந்தப் பொறுப்புத் தொகையை ஈடுசெய்யும் பயணக் காப்பீட்டைத் தனியாக எடுத்தால் செலவு குறையக்கூடும். எந்த வழியைத் தேர்ந்தாலும், வண்டியின் கூரைக்கும் அடிப்பகுதிக்கும் நேரும் சேதம் பெரும்பாலும் காப்பீட்டுக்குள் வராது என்பதையும், குவீன்ஸ்டவுன் அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை போன்ற சில பாதைகளில் வாடகை வண்டியை ஓட்டவே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள் என்பதையும் கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள். பிடித்துவைக்கும் தொகைக்கு ஈடான வரம்பு உங்கள் கடன் அட்டையில் இருக்கிறதா என்று இங்கிருந்தே வங்கியில் கேட்டுக்கொள்வது மிக அவசியம்.

அடுத்தது, இங்கிருந்து போகிறவர் எவரும் எதிர்பார்க்காத சாலைப் பயன்பாட்டுக் கட்டணம். நியூசிலாந்தில் பெட்ரோல் விலைக்குள்ளேயே சாலை வரி அடங்கிவிடுகிறது. டீசலில் அது அடங்குவதில்லை. ஆகவே டீசல் விலைப் பலகையைப் பார்த்து மலிவு என்று மகிழ முடியாது. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனியே வரி உண்டு. இலகு ரக டீசல் வண்டிகளுக்கு அண்மை ஆண்டுகளில் அது 1000 கிலோமீட்டருக்கு 76 டாலராக இருந்துவருகிறது. வாடகை நிறுவனம் வண்டியைத் திருப்பி ஒப்படைக்கும் நாளில் இதைக் கணக்கிட்டு வாங்கும். கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கி, டெக்காபோ ஏரி, அவோராக்கி என்னும் குக் மலை, வனாக்கா, குவீன்ஸ்டவுன், டே அனாவ், மில்ஃபோர்டு சவுண்ட், டனீடின் வழியாக மீண்டும் கிறைஸ்ட்சர்ச்சுக்கே வந்தால் 1700 கிலோமீட்டரை ஒட்டி வரும். அதற்கான வரி ஏறக்குறைய 130 டாலர். ஒரு நியூசிலாந்து டாலர் நம் பணத்தில் ஐம்பது ரூபாய்க்குச் சற்று முன்பின்னாக இருக்கும் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்.

வடக்குத் தீவையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்ற ஆசையை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். வடக்குத் தீவின் வெலிங்டனுக்கும் தென் தீவின் பிக்டனுக்கும் இடையே கடலைக் கடக்க மூன்றரை மணி நேரம் ஆகிறது. கப்பல் கட்டணமோ வண்டியின் நீளத்தைப் பொறுத்து ஏறுகிறது. ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விட்டால் அதற்கும் தனிக் கட்டணம் கேட்பதுண்டு.

இனி, இரவுகள். விரும்பிய இடத்தில் நிறுத்தி உறங்கலாம் என்ற பேச்சை நம்பிப் போகாதீர்கள். 2011-ஆம் ஆண்டின் சட்டம் பொது இடங்களில் தங்குவதை ஒழுங்குபடுத்தியது. 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டமோ, உள்ளாட்சிகளின் பொது இடங்களில் வண்டியில் தங்க வேண்டுமானால், கழிப்பறை நிலையாகப் பொருத்தப்பட்ட, தன்னிறைவுச் சான்று (தண்ணீரையும் கழிவையும் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி என்ற சான்று) பெற்ற வண்டியாக இருக்க வேண்டும் என்று இறுக்கிவிட்டது. பழைய நீல நிறச் சான்றுக்குப் பதிலாக இப்போது பச்சை நிறச் சான்று வந்திருக்கிறது. வண்டியின் முன் கண்ணாடியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சான்று இருந்தாலும், எங்கெங்கே தங்கலாம் என்பதை அந்தந்த ஊர் மன்றங்களே தீர்மானிக்கின்றன. சான்றில்லாத வண்டியில் தங்கினால் 400 டாலர் அபராதம் விதிக்கலாம். நால்வரும் சில இரவுகள் முறையாகத் தங்கியிருக்கக்கூடிய பணம் அது.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம் இடங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன. அடிப்படையானவை இலவசம், மற்றவற்றில் பெரியவருக்கு ஏறக்குறைய 10 முதல் 25 டாலர் வரை, சிறுவர்களுக்கு அதில் பாதி. குக் மலையின் அடிவாரத்திலுள்ள ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமும், மில்ஃபோர்டு செல்லும் வழியிலுள்ள கேஸ்கேட் கிரீக் முகாமும் இந்தத் துறையினுடையவை. அந்த இடத்தில் நட்சத்திர விடுதி கட்டினாலும் இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனால் அங்கே மின்சாரம் இருக்காது. தனியார் நடத்தும் விடுமுறைப் பூங்காக்களில் மின் இணைப்புள்ள இடத்துக்கு இருவருக்கு 50 முதல் 70 டாலர் வரையிலும், பிள்ளைகளுக்குத் தனியே கூடுதலாகவும் ஆகும். அதற்கு ஈடாக வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், பெரிய பொதுச் சமையலறை, பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் எல்லாம் கிடைக்கும். இரண்டு இரவு இயற்கைப் பாதுகாப்புத் துறை முகாம், மூன்றாம் இரவு விடுமுறைப் பூங்கா என்ற சுழற்சி எங்களுக்குச் சரியாக வந்தது. கழிவுத் தொட்டியைக் காலி செய்வதும், தண்ணீர் நிரப்புவதும், கைபேசிகளுக்கு மின்னேற்றுவதும் அந்த மூன்றாம் நாளில் முடிந்துவிடும். முகாம்களையும் கழிவு வெளியேற்றும் நிலையங்களையும் காட்டும் கேம்பர்மேட் செயலியை இங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் போகிற காலம் இலையுதிர்காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடையில் கேட்கிற வாடகையோடு ஒப்பிட்டால் ஏப்ரல் கடைசியில் கணிசமாகக் குறையும். அவர்களுடைய பள்ளிகளுக்கும் ஏப்ரல் நடுவில் இரண்டு வாரம் விடுமுறை உண்டு; ஆகவே 25-ஆம் தேதி வரும் போர்வீரர் நினைவு நாளான அன்சாக் நாளுக்குப் பிறகு புறப்பட்டால் கூட்டமும் குறைந்திருக்கும். அந்த நாளில் பகல் ஒரு மணி வரை பெரும்பாலான கடைகள் திறக்கக் கூடாது என்பது சட்டம் என்பதால், அன்று போய் இறங்கிக் காய்கறி தேடி அலையாதீர்கள். குளிர்தான் கவனிக்க வேண்டியது. இரவில் கடலிலிருந்து தள்ளியிருக்கும் உட்பகுதிகளில் வெப்பநிலை உறைநிலையைத் தொடும். மலிவான சிறு வண்டிகளில் உள்ள சூடேற்றி வெளி மின் இணைப்பு இருந்தால்தான் வேலை செய்யும். அப்படிப்பட்ட வண்டியை எடுத்தால் தினமும் மின் இணைப்புக்குப் பணம் கட்ட நேரிட்டு, வாடகையில் மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும். டீசலிலோ எரிவாயுவிலோ இயங்கும் சூடேற்றி உண்டா என்பதை முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

சமையலைப் பற்றிக் கவலை வேண்டாம். எரிவாயு அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் வண்டியிலேயே இருக்கும். பாக்-அன்-சேவ் என்ற பேரங்காடியில் விலை குறைவு. அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். மிக்சியை வண்டியின் மின்கலத்தில் ஓட்ட முடியாது என்பதால் பொடி வகைகளை நம்பியே சமைக்க வேண்டும். சின்ன பிரஷர் குக்கர் ஒன்றை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். வெளியில் நால்வர் ஒரு வேளை சாப்பிடும் பணத்தில் வண்டியில் சில நாள் சமைத்துவிடலாம். உண்மையில், விடுதியோடு ஒப்பிடும்போது கேம்பர்வேனை வெல்ல வைப்பது படுக்கை அல்ல, அடுப்புதான்.

ஏற்காடு தோட்டக்காரர் (மறுமொழி)

மேலே எழுதியவர் செலவை முழுமையாகச் சொல்லிவிட்டார். சாலையைப் பற்றியும், கொண்டுபோகும் பொருள்களைப் பற்றியும் நான் சேர்க்கிறேன்.

ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகியவருக்குத் தென் தீவின் மலைச்சாலைகள் அச்சம் தரமாட்டா. ஆனால் இங்கே நாம் கற்ற ஒரு பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும்: ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பானை அழுத்தினால் அங்கே அதைத் திட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக, உங்களுக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால், ஒதுங்க இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ் கியரில் இறங்குவது அடிவாரம் வரை நாம் தினமும் செய்வதுதான். கேம்பர்வேனின் எடைக்கு அது இன்னும் அவசியம். உயரமான வண்டி என்பதால் பக்கவாட்டுக் காற்று அதைத் தள்ளும். அதற்கு நம் மலையில் பழகியிருக்க வாய்ப்பில்லை.

ஒற்றை வழிப் பாலங்கள் அங்கே ஏராளம். பாலத்துக்கு முன்னால் உள்ள பலகையில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். உங்கள் திசைக்குரியது சிறிய சிவப்பு அம்பானால் எதிரில் வருபவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். திறந்த சாலையில் வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர், 3500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 90. வரைபடச் செயலி காட்டும் நேரத்தில் கேம்பர்வேன் போய்ச் சேராது. மூன்று மணி என்று காட்டினால் நான்கு என்று வைத்துக்கொள்வது நல்லது.

வனாக்காவிலிருந்து குவீன்ஸ்டவுனுக்குக் கிரவுன் ரேஞ்ச் வழியாகப் போனால் 70 கிலோமீட்டர்தான். ஆனால் அது 1076 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்கும் சாலை, குளிர் தொடங்கிவிட்டால் பனியும் படியும். ஏற்காடு அதைவிட உயரம் என்ற தெம்பில் போகாதீர்கள். நம் சாலையில் உறைபனி கிடையாது. பெரிய வண்டியானால் கிராம்வெல் வழியாகச் சுற்றிப் போவதே நிம்மதி. மில்ஃபோர்டு சாலையில் டே அனாவிலேயே எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து போகவர 240 கிலோமீட்டர், வழியில் கைபேசி அலைவரிசையும் பெரும்பாலும் கிடைக்காது. மே முதல் நவம்பர் வரை அந்தச் சாலையில் பனிச்சரிவு அபாயக் காலம். சக்கரச் சங்கிலி எடுத்துச் செல்ல வேண்டும் என்று அறிவிப்பு வைத்திருந்தால் அது கட்டாயம். உங்கள் பயணம் மே மாதத்துக்குள் நீளும் என்பதால் இதைச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கும் மேல் மழை பெய்கிற இடம் மில்ஃபோர்டு. மழை நாளில்தான் பாறைச்சுவர் முழுவதும் அருவிகள் இறங்கும் என்பதால் மழையைக் காரணம் காட்டிப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி, பெட்டிக்குள் வைப்பவை. நியூசிலாந்து விமான நிலையத்தில் உயிரியல் பாதுகாப்புச் சோதனை மிகக் கடுமையானது. உணவுப் பொருள் எதுவானாலும் வருகைப் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும்; அறிவிக்காமல் கண்டுபிடிக்கப்பட்டால் 400 டாலர் அபராதம். அறிவித்த பொருளை அனுமதிக்க முடியாவிட்டால் எடுத்துக்கொள்வார்கள், அதற்கு அபராதம் கிடையாது. நம் மலைத் தேனை ஆசையாக எடுத்துப் போகிறவர்கள் உண்டு. தேன் உள்ளே போகாது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், பால் இனிப்பு ஆகியவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வறுத்து அரைத்த காப்பிப்பொடி, சாம்பார்ப்பொடி, பருப்புப்பொடி போன்றவை கடையில் அடைத்து முத்திரையிட்ட பொட்டலங்களாக இருந்தால் அறிவித்துக் கொண்டுபோவதில் சிரமம் இருப்பதில்லை. தோட்டத்தில் நடந்த காலணியானால் அடியில் மண்துகள்கூட ஒட்டியிராமல் கழுவிக் காயவைத்து, அதையும் அறிவிக்க வேண்டும்.

சூரமங்கலம் ஆசிரியை (மறுமொழி)

நண்பர்கள் இருவரும் கேம்பர்வேன் என்ற முடிவை ஏற்றுக்கொண்டே பேசுகிறார்கள். நான் அதில் உடன்படவில்லை. கேள்வி கேட்டவர் நால்வர் குடும்பம். நால்வர் தூங்கும் வண்டியின் வாடகை, ஒரு சிறு காரின் வாடகையைப் போல் பல மடங்கு. அவர்கள் குறிப்பிட்ட அதே விடுமுறைப் பூங்காக்களில் கேபின் எனப்படும் சிறு மர அறைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. இரண்டு அடுக்குக் கட்டில், சூடேற்றி, வாசலில் கார் நிறுத்தம் எல்லாம் இருக்கும், பொதுச் சமையலறையில் நாமே சமைத்துக்கொள்ளலாம். ஆகவே அடுப்பு கேம்பர்வேனுக்கு மட்டுமே உரிய சிறப்பு அல்ல. எரிபொருளும் காரில் பாதிதான் ஆகும். ஏப்ரல் கடைசியில் உறைகிற இரவில் ஐந்து வயதுக் குழந்தை கழிப்பறைக்கு எழும்போது வண்டிக்குள் நால்வரும் எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். போர்வை, பாத்திரம், தண்ணீர்க் குழாய் என்று தினமும் எடுத்து அடுக்கும் வேலை பெரும்பாலும் யார் தலையில் விழும் என்பதை மனைவியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுப்பது நியாயம்.

கேம்பர்வேனில் போயே தீர வேண்டும் என்றால் மிகக் குறைந்த செலவுக்கு வேறொரு வழி இருக்கிறது. பயணிகள் பலர் ஆக்லாந்தில் வண்டி எடுத்துத் தெற்கே கொண்டுபோய் விடுவதால், அவற்றை வடக்கே திருப்பிக் கொண்டுவர நிறுவனங்களுக்கு ஓட்டுநர்கள் தேவைப்படுகிறார்கள். நாளொன்றுக்கு ஒரு டாலர் வாடகைக்குக்கூட வண்டி தருவார்கள். சில நேரம் கப்பல் கட்டணத்தையும் அவர்களே ஏற்பார்கள். ஆனால் சில நாள்களுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும், அறிவிப்பும் கடைசி நேரத்தில்தான் வரும். தேதி குறித்து விமானச் சீட்டு வாங்கும் குடும்பத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்லூரி முடித்த பிள்ளைகள் இருவர் மூவராகப் போனால் தாராளமாக முயலலாம்.

செவ்வாய்ப்பேட்டை வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். வண்டியை அடுக்கி ஒழுங்குபடுத்தும் வேலையை நான் ஏற்றுக்கொண்டால் கேம்பர்வேனுக்குச் சம்மதம் என்கிறாள்; மகளோ கேபின் என்ற பேச்சையே கேட்கத் தயாராக இல்லை. ஆகவே வண்டிதான் என்று ஆகிவிட்டது. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. இடத் தாராளத்துக்காக ஆறு பேர் வண்டியை எடுக்கலாமா, நால்வர் வண்டியே போதுமா? என் கார் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லுமா?

அஸ்தம்பட்டி பயணி

நால்வர் வண்டியே போதும். ஆனால் படுக்கைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். இருக்கைப் பட்டைகளைப் பாருங்கள். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில்தான் பயணம் செய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். கேம்பர்வேனின் பின்பக்க இருக்கைகள் சிலவற்றில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும். உங்கள் மகன் வயதுப் பிள்ளைக்கான உயர்த்து இருக்கைக்கோ தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை வேண்டும். எல்லா வண்டியிலும் எல்லாக் குழந்தை இருக்கையும் பொருந்தாது. மகனின் வயது, உயரம், எடை ஆகியவற்றை எழுதி, எந்த வண்டியில் எந்த இருக்கை பொருந்தும் என்று நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வண்டிகள் பட்டியலிலிருந்து கழிந்துவிடும் என்பதால், ஆறு பேர் வண்டியா என்ற குழப்பமும் தானே தீரலாம்.

உரிமத்தைப் பொறுத்தவரை, அங்கே சாதாரணக் கார் உரிமத்திலேயே 6000 கிலோ வரையிலான வண்டிகளை ஓட்டலாம். நம் ஓட்டுநர் உரிம அட்டை ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலாப் பயணிக்குச் சட்டப்படி அதுவே போதும். ஆனால் வாடகை நிறுவனங்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் கேட்கலாம். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, 1000 ரூபாய்க் கட்டணத்தில் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பெறலாம், ஓராண்டு செல்லும். உங்கள் மனைவிக்கும் உரிமம் இருந்தால் அவரையும் ஓட்டுநராகப் பதிவு செய்யுங்கள். விசாவோடு சுற்றுலா வரியாக ஆளுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், அது பிள்ளைகளுக்கும் உண்டு என்பதை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபருக்கு முன் அது 35 டாலராக இருந்ததால் பழைய காணொளிகளில் குறைவாகச் சொல்லியிருப்பார்கள்.